போன மணல் திரும்புமா? இரண்டு கம்புகளால் கடற்கரையை அளக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு புயல் கடந்த மறுநாள் கிழக்குக் கடற்கரையில் எந்தக் குப்பத்துக்குப் போனாலும் ஒரே பேச்சுதான்: கடல் உள்ளே வந்துவிட்டது, கல் கொட்டச் சொல்லுங்கள். அதே இடத்துக்கு ஆடி மாதம் போய்ப் பாருங்கள். சில ஊர்களில் மணல் திரும்பி வந்து, வலை காயப்போடவும் படகு ஏற்றவும் இடம் கிடைத்திருக்கும். சில ஊர்களில் வந்திருக்காது. அடுத்த கார்த்திகையில் கடல் இன்னொரு வரிசை வீட்டை எடுத்துக்கொள்ளும்.

இந்த இரண்டு வகை ஊர்களையும் ஒரே நாள் பார்வையில் பிரித்தறிய முடியாது. புயலுக்கு மறுநாள் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓராண்டு அளந்தால் பிரித்துவிடலாம். அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு தச்சர் கடையிலும் ஒரு ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பவை. பள்ளி ஆசிரியர், கல்லூரி மாணவர், ஊர் இளைஞர் என யார் செய்தாலும் சரியாக வரும். சோழமண்டலக் கரையை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். மணல் கரை எங்கிருந்தாலும் முறை இதுதான். மாதங்களும் திசைகளும் மட்டும் மாறும்.

அலை மணலை எடுக்கும் இரு வழிகள்

ஆழ்கடலில் அலையின் வடிவம்தான் ஓடுகிறது. தண்ணீர் அங்கேயே வட்டமாகச் சுழன்றுவிட்டு ஏறக்குறைய பழைய இடத்துக்கே வருகிறது. இந்தச் சுழற்சி அலைநீளத்தில் பாதி ஆழம்வரை எட்டும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள நேர இடைவெளியை நொடியில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, மீண்டும் 1.56 ஆல் பெருக்கினால் ஆழ்கடல் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 8 நொடி அலைக்கு அது சுமார் 100 மீட்டர். அந்த அலை 50 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கிவிடும். கரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, உயரம் கூடி, நீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல் சுமார் 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் உடையும். 1 மீட்டர் அலை 1.3 மீட்டர் ஆழத்திலும், 2 மீட்டர் அலை 2.6 மீட்டர் ஆழத்திலும் உடையும் என்பது கைக்கணக்கு. ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், உயரம் இருமடங்கானால் அடி நான்கு மடங்காகும்.

உடைந்த அலை மணலை இரண்டு திசைகளில் நகர்த்தும். ஒன்று, கரைக்கும் கடலுக்கும் இடையே. புயல் அலைகள் உயரமாகவும் அடிக்கடியும் வரும். ஓர் அலை ஏறிய நீர் வடியும் முன்பே அடுத்தது ஏறிவிடும். மணலுக்குள் நீர் இறங்க நேரம் கிடைக்காமல், பின்வாங்கும் நீர் மணலை வாரிக்கொண்டு போகும். அப்படிப் போன மணல் பெரும்பாலும் தொலைவுக்குப் போவதில்லை. உடையும் இடத்துக்குச் சற்றே வெளியே நீருக்கடியில் திட்டாக நிற்கும். அந்தத் திட்டு இருப்பதால் அடுத்த பெரிய அலைகள் அங்கேயே உடைந்து கரையை விட்டுவைக்கின்றன. தை கழிந்து கடல் அடங்கியதும், நீண்ட இடைவெளி அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் தள்ளும். போவதற்கு ஓரிரவு போதும். வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இரண்டாவது, கரையோரமாக. அலை கரைக்கு நேராக வராமல் சற்றே சாய்ந்து வந்தால், ஏறும் நீர் சாய்வாக ஏறி, சரிவில் நேராக இறங்கும். ஒவ்வொரு அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். உடைபகுதி முழுவதும் கரைக்கு இணையாக ஒரு நீரோட்டமும் கிளம்பும். சென்னை மீனவர் தெற்கிலிருந்து வரும் ஓட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். பங்குனி முதல் புரட்டாசிவரை மணல் பெரும்பாலும் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் மிஞ்சும், அதுவும் இலட்சக்கணக்கான கன மீட்டர். நடுவே எதுவும் தடுக்காதவரை ஓர் ஊர் இழப்பதைத் தெற்கே உள்ள ஊர் ஈடுகட்டிவிடும். தடுத்தால் வடக்கே உள்ள ஊருக்குச் செலவு மட்டுமே மிஞ்சும்.

முதல் வகையில் போனது திரும்பும், இரண்டாவதில் தடைபட்டது திரும்பாது. கீழே சொல்லும் அளவை முழுவதும் இந்த இரண்டையும் பிரிப்பதற்குத்தான்.

பாறைக் கரையில் கதை வேறு. அங்கே அலை விரிசலுக்குள் காற்றை அடைத்து அழுத்தும், சரளையை எறிந்து தேய்க்கும். நிலமுனையில் வளைந்து குவிந்து இரு பக்கமும் குகை குடையும். குகைகள் சந்தித்தால் வளைவு, வளைவு இடிந்தால் தனித்தூண். மால்டாவின் புகழ்பெற்ற அசூர் ஜன்னல் வளைவு 2017 மார்ச் 8 அன்று ஒரு புயலில் முழுவதும் விழுந்தது. பாறை ஒருமுறை போனால் திரும்புவதில்லை என்பதால் அங்கே இந்தக் கம்பு வேலைக்கு இடமில்லை. விளிம்பிலிருந்து நிலையான அடையாளம்வரை டேப் பிடித்தாலே போதும்.

கம்பு செய்வது

அமெரிக்கக் கடலியலாளர் எமெரி 1961இல் வெளியிட்ட முறை இது. இரண்டு கம்பும் கடலின் அடிவானமும்தான் கருவி. விலை உயர்ந்த கருவிகள் வந்த பிறகும் இது வழக்கொழியவில்லை. உப்புக்காற்றில் கெட்டுப்போக இதில் எதுவும் இல்லை.

நேரான ரீப்பர் கட்டை இரண்டு, ஒவ்வொன்றும் சரியாக 1.5 மீட்டர். மரம் வளையும் என்று தோன்றினால் ஒன்றேகால் அங்குல பிவிசி குழாய் எடுக்கலாம். மேல் முனையைப் பூஜ்யமாக வைத்து, கீழ்நோக்கி 1 செ.மீ.க்கு ஒரு கோடும் 10 செ.மீ.க்கு ஓர் எண்ணும் எழுதுங்கள். எண்கள் மேலிருந்து கீழே போக வேண்டும். பழக்கதோஷத்தில் கீழிருந்து எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் கழித்தல் போட வேண்டியிருக்கும், எங்காவது தவறும். பெயின்ட் மார்க்கரில் எழுதி மேலே வார்னிஷ் பூசாவிட்டால் மூன்றாம் மாதம் எண் இருக்காது.

கம்பின் அடியில் 10 செ.மீ. சதுர பிளைவுட் துண்டு ஒன்றை ஆணியடித்துவிடுங்கள். ஈர மணலில் வெறுங்கம்பு 3, 4 செ.மீ. எளிதாகப் புதையும். இந்தத் தட்டு இல்லாத அளவை நம்பத் தகுந்ததல்ல.

இரு கம்புக்கும் நடுவே 1.5 மீட்டர் இடைவெளி மாறாதிருக்க இன்னொரு ரீப்பரை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நைலான் கயிறு நனைந்தால் நீளும், இழுப்பவர் கையைப் பொறுத்தும் மாறும். சரிவின் மேலேயே வைத்து அளப்பதால் உண்மையான கிடைத்தூரம் சற்றுக் குறையும். பத்துக்கு ஒன்று சரிவில் அந்தப் பிழை அரை சதவீதம்தான், விட்டுவிடலாம்.

கூடவே கொத்தனாரின் தூக்குக் குண்டு ஒன்று, 30 மீட்டர் டேப், கைக்கடிகாரம் அல்லது போன், பென்சில், கெட்டி அட்டை நோட்டு. பேனா வேண்டாம், ஒரு சாரலில் கரைந்துவிடும்.

கோடு போடுவது

அளவையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அதே கோட்டில், அதே புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே கரையின் இயல்பான மேடுபள்ளம் அரிப்பாகக் கணக்கில் ஏறிவிடும்.

கரையின் மேல்பக்கம், புயல் அலையும் தொடாத இடத்தில், நகராத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: கோயில் படி, ஏலக்கூடத்தின் அடித்தளம், பழைய கான்கிரீட் தூண். மின்கம்பம் வேண்டாம், மாற்றி நடுவார்கள். தென்னையும் வேண்டாம், அரிப்பு வந்தால் முதலில் சாய்வது அதுதான். அந்த அடையாளத்தில் ஒரு கூட்டல் குறி வெட்டி எண் கொடுங்கள். அது காணாமல் போனாலும் மீட்டெடுக்க, அங்கிருந்து வேறு இரண்டு நிலையான பொருள்களுக்குத் தூரம் அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் குறியுங்கள். புகைப்படமும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு எந்தத் திசையில் கடலுக்குப் போகிறது என்பதற்கு அடையாளத்துக்குப் பின்னால் இன்னொரு பொருள் வேண்டும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி நின்றால் நீங்கள் கோட்டில் இருக்கிறீர்கள். குமரிக் கரையில் மீனவர் கரையிலுள்ள குருசடியையும் (சிலுவைக் கோயில்) மலையையும் ஒரே கோட்டில் சேர்த்துக் கணியம் பார்த்து, கடலடிப் பாறையான பாரைக் கண்டுபிடிப்பது போலத்தான் இதுவும். கோடு கரைக்குச் செங்குத்தாக இருக்கட்டும்.

ஓர் ஊருக்குக் குறைந்தது மூன்று கோடுகள்: நடுவில் ஒன்று, தெற்கே 200 மீட்டரில் ஒன்று, வடக்கே 200 மீட்டரில் ஒன்று. அருகில் தூண்டில் வளைவோ (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) முகத்துவாரச் சுவரோ இருந்தால் அதன் இரு பக்கத்திலும் கட்டாயம் ஒவ்வொரு கோடு. ஒற்றைக் கோட்டை வைத்து மணல் எந்தத் திசையில் போனது என்று சொல்ல வழியில்லை.

அளப்பது

அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, நீர் நன்றாக வற்றும் நேரத்துக்கு அரைமணி முன்பே தொடங்குங்கள். அந்நாள்களில்தான் கடல் அதிகம் உள்வாங்கும், கூடுதலான சரிவை அளக்கலாம். சென்னைப் பக்கம் ஏற்றவற்ற வித்தியாசம் இந்த உவா நாள்களில்கூட ஒரு மீட்டர் அளவுதான். அதையும் வீணாக்கக் கூடாது. ஏற்றவற்ற நேரம் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கும்.

இரண்டு பேர் வேண்டும், குறிக்க மூன்றாமவர் இருந்தால் நல்லது. ஒரு கம்பை அடையாளப் புள்ளியில் நிறுத்துங்கள். மற்றதைக் கடல் பக்கமாக 1.5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இரண்டையும் தூக்குக் குண்டால் செங்குத்தாக்குங்கள். கரைப்பக்கக் கம்புக்குப் பின்னால் நிற்பவர் குனிந்து, கடல்பக்கக் கம்பின் உச்சியும் அடிவானமும் ஒன்றாகத் தெரியும்படி கண்ணை வைக்க வேண்டும். அந்தப் பார்வைக்கோடு தன் கம்பை எந்த எண்ணில் வெட்டுகிறதோ அதுதான் இறக்கம். 12 என்றால் 1.5 மீட்டரில் மணல் 12 செ.மீ. இறங்கியிருக்கிறது, நோட்டில் −12.

சில இடத்தில் மணல் கடல் பக்கம் ஏறும். அப்போது கரைப்பக்கக் கம்பின் உச்சியையும் அடிவானத்தையும் சேர்த்துப் பார்த்து, அந்தக் கோடு கடல்பக்கக் கம்பை வெட்டும் எண்ணை + குறியுடன் எழுதுங்கள். பிறகு கரைப்பக்கக் கம்பு, கடல்பக்கக் கம்பு நின்ற அதே தடத்துக்கு நகர வேண்டும். தடம் கலைந்துபோகும் ஈர மணலில் சிப்பி ஒன்றை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டு இப்படி இருக்கும்:

−6, −4, −9, −38 (மணல் வெட்டு, அதாவது அலை செங்குத்தாக அறுத்த படி), −17, −15, +5

கூட்டிக்கொண்டே போனால் அடையாளப் புள்ளியிலிருந்து உயரம்: −6, −10, −19, −57, −74, −89, −84. இதுதான் கரையின் குறுக்குவெட்டு. மாதாமாதம் ஒரே கிராஃப் தாளில் வேறு வேறு நிறத்தில் வரையுங்கள். முதல் மூன்று மாதம் ஒன்றும் புரியாது, அது இயல்பு.

உலர்ந்த மணலும் ஈர மணலும் சந்திக்கும் இடம், கடைசிப் பெருக்கு விட்டுப்போன குப்பைக் கோடு, மணல் வெட்டின் விளிம்பு ஆகிய மூன்றும் எத்தனையாவது அடியெடுப்பில் வந்தன என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். பின்னால் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட இவைதான் உதவும். நீருக்குள் முழங்கால் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை உள்ள நாளிலும், தெற்கில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்த நாளிலும் அளக்கவே வேண்டாம். தொலைதூரக் கடலில் கிளம்பி வரும் கள்ளக்கடல் அலை தெளிந்த வானத்தின் கீழ், காற்றே இல்லாத நேரத்திலும் வரும்.

இந்த முறையில் தவறு நுழையும் வழிகள் சில. கம்பு 5 டிகிரி சாய்ந்தால் உச்சி அரை செ.மீ.க்குச் சற்று மேல் தாழும். கேட்க அற்பம்தான். ஆனால் ஒரே ஆள் ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டே போனால் 20 அடியெடுப்பில் 10 செ.மீ.க்கு மேல் சேர்ந்துவிடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தூக்குக் குண்டைப் பாருங்கள். மூடுபனியிலும் மழைக்காற்றிலும் அடிவானம் மங்கி, மேகத்தின் அடி விளிம்பை அடிவானம் என்று நினைத்துவிடுவது உண்டு. அப்படிப்பட்ட நாளில் கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலை எடுங்கள். குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்ப வேண்டும், ஒரு குமிழி பல செ.மீ. பொய் சொல்லும். இன்னொன்று: அடிவானம் உண்மையான கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. 60 மீட்டர் அகலக் கரையில் இதனால் மொத்த இறக்கம் 5 செ.மீ.வரை குறைவாகத் தெரியும். ஆனால் எல்லா மாதமும் அதே பிழை வருவதால் ஒப்பீட்டைக் கெடுக்காது. கவலைப்பட வேண்டிய பிழை அல்ல.

மணலை யூனிட்டில் கணக்கிடுவது

அக்டோபர் அளவையும் டிசம்பர் அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் டிசம்பர் உயரத்திலிருந்து அக்டோபர் உயரத்தைக் கழித்து எல்லாவற்றையும் கூட்டுங்கள், மீட்டரில். 20 புள்ளிகளின் கூட்டுத்தொகை −8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை இடைவெளியான 1.5 ஆல் பெருக்கினால் −12. அதாவது கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 12 கன மீட்டர் மணல் போயிருக்கிறது. கோடு 500 மீட்டர் கரைக்குப் பொதுவானது என்றால் 6,000 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர் என்பதால் ஏறக்குறைய 2,120 யூனிட்.

கடல் 10 மீட்டர் உள்ளே வந்தது என்று சொல்வதைவிட இந்த எண் மேலானது. தூரம் அன்றைய அலையையும் நீர்மட்டத்தையும் பொறுத்து ஆடும். கன அளவு அப்படி ஆடாது.

அலையையும் மணலையும் அளப்பது

ஒவ்வொரு முறையும் கம்பு வேலை முடிந்ததும் கால்மணி நேரம் இதற்கு.

அலை இடைவெளி: உடையும் இடத்தில் ஒரு முகட்டில் கடிகாரத்தைத் தொடங்கி, பதினோராவது முகட்டில் நிறுத்துங்கள். நொடியைப் பத்தால் வகுங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி.

அலை உயரம்: கண்ணளவில் சொன்னால் பெரும்பாலோர் கூட்டித்தான் சொல்வார்கள். சரிவில் மேலும் கீழும் நகர்ந்து, உடையும் அலையின் முகடும் அடிவானமும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அலை வடிந்து இறங்கும் கடைசி எல்லையிலிருந்து உங்கள் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதுதான் உடையலையின் உயரம். குறுக்குவெட்டு கையில் இருப்பதால் அந்த உயரம் உடனே தெரியும்.

ஓட்டம்: ஓர் ஆரஞ்சுப் பழத்தை உடைபகுதிக்குள் எறியுங்கள். பந்து வேண்டாம், காற்று தள்ளிவிடும். பழம் பெரும்பகுதி மூழ்கி மிதப்பதால் நீரோடு போகும். இரண்டு நிமிடத்தில் கரையோரம் எத்தனை மீட்டர் நகர்ந்தது, வடக்கா தெற்கா என்று குறியுங்கள். 30 மீட்டர் என்றால் நொடிக்கு 25 செ.மீ. பழம் கரையை விட்டு நேராகக் கடலுக்குள் போனால் அங்கே இழுப்பு ஓட்டம் இருக்கிறது. அந்த இடத்தில் யாரும் இறங்க வேண்டாம் என்று ஊரில் சொல்லிவிடுங்கள்.

மணல்: அலை ஏறி இறங்கும் பகுதியின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளமும் 4, 5 செ.மீ. அகலமும் உள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை அடைத்து நீர் நிரப்புங்கள். மேலே 10 செ.மீ. விட்டு ஒரு கோடு, அதிலிருந்து 80 செ.மீ. கீழே இன்னொரு கோடு. ஒரு சிட்டிகையை நனைத்துப் போட்டு, கூட்டத்தின் நடுப்பகுதி கோட்டிலிருந்து கோட்டுக்கு இறங்கும் நேரத்தை எடுங்கள். அதிகம் போட்டால் மணல் கட்டியாக வேகமாக விழுந்து ஏமாற்றும். 20 நொடி என்றால் விழும் வேகம் நொடிக்கு 4 செ.மீ.

இப்போது அலை உயரத்தை, விழும் வேகத்தையும் அலை இடைவெளியையும் பெருக்கி வந்ததால் வகுங்கள். எல்லாம் மீட்டரிலும் நொடியிலும். 0.8 மீட்டர், 9 நொடி, 0.04 என்றால் 2.2 வரும். வடகிழக்குப் பருவத்தில் 2 மீட்டர், 7 நொடி என்றால் 7.1. இந்த எண் 2க்குக் கீழே போனால் கரை சேரும் போக்கு, 5, 6ஐத் தாண்டினால் மணல் கடலுக்குள் திட்டாகப் போகும் போக்கு, நடுவில் இரண்டும் கலந்திருக்கும். நறுநறுவென்ற பெருமணல் கரை ஏன் சரிவாகவும் உறுதியாகவும் நிற்கிறது, நைந்த பொடிமணல் கரை ஏன் தட்டையாகப் பரவுகிறது என்பதற்கும் இதுவே விடை. வேறு ஊர் மணலைக் கொண்டுவந்து கொட்டும்போது இந்தக் குழாய்ச் சோதனையைச் செய்யாவிட்டால், கொட்டிய மணல் உள்ளூர் மணலைவிடப் பொடியாக இருந்து ஒரே பருவத்தில் காணாமல் போகும்.

கருமணல் அல்லது செம்மணல் பட்டை கரையில் புதிதாகத் தெரிந்தால் குறித்துவையுங்கள். அந்தப் பட்டையில் உள்ள இல்மனைட், கார்னெட் என்ற கனிமங்கள் எடை கூடியவை. அலை லேசான வெள்ளை மணலை வாரிக்கொண்டு இவற்றை விட்டுவைத்திருக்கிறது. யாரோ கொண்டுவந்து கொட்டியது அல்ல. அண்மையில் அரிப்பு நடந்ததன் தடயம். கிணற்று உறை வெளியே தெரிவதும், பனைவேர் தொங்குவதும் இதே வகை.

பதின்மூன்று மாதம்

மாதம் ஒருமுறை, புயலுக்குப் பிறகு மூன்று நாளுக்குள் கூடுதலாக ஒருமுறை. மொத்தம் 13 மாதம் வேண்டும், ஏனென்றால் ஜனவரியை ஜனவரியோடுதான் ஒப்பிட வேண்டும். ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் நிறுத்தியவர் எந்த ஊரையும் அழியும் ஊராகக் காட்டிவிடலாம். டிசம்பரில் தொடங்கி ஆகஸ்டில் நிறுத்தியவர் எந்த ஊரையும் வளரும் ஊராகக் காட்டிவிடலாம். அரைகுறை அறிக்கைகளில் அடிக்கடி நடப்பது இதுதான்.

கணக்கு முடிந்ததும் மூன்று விதமான படம் வரக்கூடும். எல்லாக் கோடுகளும் நவம்பர், டிசம்பரில் சேர்ந்து இழந்து, அடுத்த ஆடிக்குள் சேர்ந்து மீண்டிருந்தால் மணல் கடலுக்குள் போய்த் திரும்பியிருக்கிறது. அந்த ஊரில் ஆபத்து மணலில் இல்லை. அலை போய்வரும் இடத்தில் கட்டடம் கட்டியதில் இருக்கிறது. மணல் மேட்டின் மீது அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வளர விட்டு, அந்த மேட்டை வண்டி ஏற்றிச் சிதைக்காமல் இருந்தாலே பெரும்பாலும் போதும்.

ஒரு கட்டுமானத்துக்குத் தெற்கே உள்ள கோடு ஏறி, வடக்கே உள்ள கோடு இறங்கி, வடக்கே இறங்கியது ஆடியிலும் திரும்பாவிட்டால் மணல் தடைபட்டிருக்கிறது. சென்னையில் துறைமுக வேலை 1876இல் தொடங்கியபின் நடந்தது இதுதான். தெற்கே சேர்ந்த மணலால் மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர்ப் பக்கம்வரை கரை தேய்ந்தது. மெரினாவைப் பார்த்து வியப்பவர்கள் அது யாருடைய மணல் என்று கேட்பதில்லை. புதுச்சேரியிலும் 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் அலைத்தடுப்புகள் எழுந்தபின் வீராம்பட்டினம் பக்கம் மணல் தங்க, நகரத்துக் கடற்கரை மறைந்து கருங்கல் வரிசை மட்டும் மிஞ்சியது. கல் போடப் போட அரிப்பு அதன் வடக்கு முனைக்கு நகர்ந்து, தமிழக எல்லைக்குள் சோதனைக்குப்பம், பொம்மையார்பாளையம்வரை போனது.

மூன்றாவது, கட்டுமானமே அருகில் இல்லாமல் எல்லாக் கோடுகளும் ஆண்டுக்கு ஆண்டு இறங்குவது. அப்போது வரத்து குறைந்திருக்கிறது: ஆற்றில் அணை, ஆற்று மணல் அள்ளுவது, கரையிலேயே மணல் எடுப்பது. இதை 13 மாதத்தில் முடிவாகச் சொல்ல வேண்டாம், மூன்று ஆண்டாவது வேண்டும்.

செயற்கைக்கோள் படத்தில் ஏமாறும் இடம்

கூகுள் எர்த்தின் பழைய படங்களில் கரைக்கோடு வரைந்து ஒப்பிடுவது எளிது, அதனாலேயே தவறும் எளிது. இருபதுக்கு ஒன்று சரிவுள்ள கரையில் நீர்மட்டம் அரை மீட்டர் மாறினால் நீர்விளிம்பு 10 மீட்டர் நகரும். வற்றத்தில் எடுத்த படத்தையும் ஏற்றத்தில் எடுத்த படத்தையும் வைத்து 10 மீட்டர் அரிப்பு என்று எழுதிவிடலாம், மணல் ஒன்றும் நகர்ந்திருக்காது. நீர்விளிம்பை விட்டு, உலர்ந்த மணலும் ஈர மணலும் சந்திக்கும் கோட்டையோ செடிகளின் கடல்பக்க விளிம்பையோ எடுங்கள். ஒரே மாதத்துப் படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். படங்களே ஒன்றோடொன்று சில மீட்டர் விலகியிருக்கும் என்பதால், மாறாத ஒரு கட்டட மூலையை எல்லாப் படத்திலும் முதலில் சரிபாருங்கள்.

சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை வைத்து, நாட்டின் கரையில் 33.6 சதவீதம் அரிபடுவதாகக் கணக்கிட்டிருக்கிறது. அது நாடு முழுவதற்குமான சராசரி. உங்கள் குப்பத்தின் ஐந்நூறு மீட்டருக்கு உங்கள் நோட்டுதான் பதில் சொல்லும்.

மனு எழுதும்போது

கரை போய்விட்டது என்று மட்டும் எழுதினால் கிடைப்பது பெரும்பாலும் கல்தான். கோடுகளின் இருப்பிடம், 13 மாதக் குறுக்குவெட்டு, ஒரு மீட்டருக்கு இத்தனை கன மீட்டர் இழப்பு, மாதவாரியாக ஓட்டத்தின் திசை ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் இணையுங்கள். தடைபட்ட வகை என்றால் கேட்க வேண்டியது, தெற்கே சேர்ந்த மணலை ஆண்டுதோறும் வடக்கே மாற்றிவிடும் ஏற்பாடு. எத்தனை கன மீட்டர் என்ற எண் உங்களிடமே இருக்கிறது. புதுச்சேரியில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018இல் அமைத்த நீரில் மூழ்கிய ஆப்பு வடிவ அமைப்புக்குப் பின்னால் மணல் திரும்பி, மக்கள் மீண்டும் இறங்கி நடக்கும் கரை உருவாகியிருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட அமைப்பும் பிடிப்பதற்கு மணல் வந்துகொண்டிருந்தால்தான் வேலை செய்யும்.

இத்தனைக்குப் பிறகும் தூண்டில் வளைவோ கல் சுவரோ வருவது உறுதியாகிவிட்டால், கட்டும் முன்பே அதன் வடக்கு முனையிலிருந்து 50, 100, 200, 400 மீட்டரில் நான்கு புதிய கோடுகள் போட்டு, ஒரு வடகிழக்குப் பருவமாவது அளந்து வையுங்கள். கட்டியபின் முதலில் இறங்குவது 50 மீட்டர் கோடு. அது இறங்கிய பிறகு 100இல் தொடங்கினால், வடக்கே அடுத்த ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு ஒரு கம்பை அவர்கள் கையில் கொடுக்க வேண்டிய நேரம்.